மூன்று இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை

டீச்சரை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற கணவரைக் கைப்பிடித்து ஐந்தாம் மாடிக்குக் கூட்டி வருவார். கணவருக்கு மறதி நோய்.

நான் ஸ்கேன் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். படித்ததை யாராவது கேட்டால் விடமாட்டேன்.

"பாத்திரத்துல உப்புக்கறை படியிற மாதிரி மூளையில ஒரு நச்சுப் புரதம் படியுது டீச்சர். டிரிப்புல போற ஆன்டிபாடி அதைத் தேடிப் பிடிச்சு அகற்ற வைக்குது. போன ஞாபகம் திரும்பாது. இனிமே போறது கொஞ்சம் மெதுவாகும்."

"மெதுவானாலே போதும்பா."

அந்த மெதுவுக்காகத்தான் டீச்சர் அந்தத் தப்பைச் செய்தார்.

டிரிப் போடும் முன் நர்ஸ் எப்போதும் ஒரே வரிசையில் கேட்பார்: தலைவலி உண்டா, தலை சுற்றுகிறதா, கண் மங்குகிறதா, இன்று என்ன கிழமை? முதல் மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மருந்து நிற்கும். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தவர் புது நர்ஸ்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"இல்லை."

"தலைவலி?"

"இல்லை."

"கண் மங்குதா?"

"இல்லை."

"தலை சுத்துதா?"

"செவ்வாய்க்கிழமை!" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

நர்ஸ் சிரித்துவிட்டார். "என்ன டீச்சர், கேள்வித்தாள் அவுட்டா?"

காப்பியடித்த பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிய டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "காலையில பத்து தடவை சொல்ல வச்சேன்மா. சனிக்கிழமையிலிருந்து தலையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கார். சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்களேன்னு..."

"நிறுத்துறதும் அவருக்காகத்தானே டீச்சர்."

அன்று ஸ்கேன் எடுத்தது நான்தான். சின்ன வீக்கம். மருந்து நின்றது. டீச்சர் ஒரு நோட்டில் கோடு போட்டு, தினமும் உள்ளதை உள்ளபடி எழுதினார். 'காலையில் தலைவலி.' 'என்னைப் பார்த்து, யாரும்மா நீங்க என்றார்.'

இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றியது. மறுபடி டிரிப் போடும் நாளில், நோட்டை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளே போகலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"பரீட்சை ஹால்ல விடை சொல்லிக்கொடுத்தவளுக்கு என்னப்பா வேலை?"

திறந்த கதவு வழியே நர்ஸின் குரல் கேட்டது. "ஐயா, இந்த வாரம் தலைவலி இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "வெளியில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க. அவங்க சரியாச் சொல்லுவாங்க."

டீச்சர் எழுந்து உள்ளே போனார்.