பிளாட்பாரத்தின் வெயில் முனை

இன்று எழுந்ததும் விரல்களை வெந்நீரில் வைத்தேன். முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் கை மடங்க அது வேண்டும்.

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில், கூரை முடிகிற இடத்தில் முத்துலட்சுமி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். தாராவியில் இருப்பவள், தையல் வேலை. எனக்கிருக்கும் அதே நோய். ரயிலில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில் பழக்கம்.

வெயிலுக்காக இரண்டு லோக்கல் ரயிலை விட்டுவிட்டாளாம்.

"எங்க சந்துக்குள்ள வெயில் எங்கக்கா வருது? இங்கனதான் சும்மா கெடைக்கி."

"நல்லதுதான். மாத்திரை போடறியா?"

"விட்டுட்டேன். வைட்டமின் டி ஏறிட்டா வீக்கம் தன்னால வத்திருமாம். வீடியோவுல சொல்லுதாவ."

"குறைஞ்சா ஏத்திக்கணும், சரி. அது துணைக்கு வரும் முத்து. மாத்திரைக்குப் பதிலா வராது."

"வாரத்துக்கு ஒருக்காதான், ஆனா மாத்திரை போட்ட மறுநாள் பூரா குமட்டுது. மெஷின்ல உக்கார முடியல. சேட்டு வேற ஆள போட்டுட்டாருன்னா?"

அவள் விரல்களைப் பார்த்தேன். கணுக்கள் வீங்கி மினுமினுத்தன. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மெஷின்காரியைக் கூப்பிடுகிறாளாம்.

"குமட்டுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நீங்க வேற! வாயத் தொறக்கதுக்குள்ள 'சலோ, அடுத்த ஆளு'ங்காரு."

மாத்திரையை விட்டதற்காக அவள்மேல் கோபம் வரவில்லை. எனக்குக் குமட்டினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். தையல் மெஷினுக்கு அந்த வசதி கிடையாது.

ரயில் வந்தது. ஏறிவிட்டோம்.

நாளை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்போகிறேன். குமட்டாத மருந்து உண்டா என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது இன்னும் அவளுக்கே தெரியாது, என் மேனேஜருக்கும் தெரியாது.

லீவுக்கு நம்பும்படியான காரணம் கைவசம் உள்ளவர்கள் கமெண்டில் போடவும். வயிற்றுவலியைப் போன மாதமே செலவழித்துவிட்டேன்.