முந்நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர், பதினோரு நாள்

வடதுருவத்தை ஒட்டிய பனித்தீவுகளில், ரெசல்யூட் ஊரிலிருந்து கிரைஸ் ஃபியர்டு ஊருக்கு முந்நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர். சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். காகிதத்துக்கென்ன, அதற்கு மலையும் தெரியாது, மூடுபனியும் தெரியாது. கிரைஸ் ஃபியர்டில் அதெல்லாம் தெரிந்த ஆள் ஜேபிட்டி. ஓடுபாதை ஓரத்துக் கொட்டகையில் நின்று, மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து வானொலியில் சொல்வது அவர் வேலை. அவர் சொன்னால்தான் ரெசல்யூட்டில் விமானம் கிளம்பும்.

அந்த ஆகஸ்டில் அவருடைய மனைவி வரவேண்டியிருந்தது. மனைவி மியாலி இறந்து இரண்டு வருடமாகிறது. மகள் நிவியாக், தெற்கே ஆஸ்பத்திரியில் பெற்ற பெண்ணுக்கு அம்மாவின் பெயரை வைத்துவிட்டாள். இறந்தவர் பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரி என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆக அந்தக் குழந்தை ஜேபிட்டிக்கு மனைவி, நிவியாக்குக்கு அம்மா. ஊர் சும்மா இருக்குமா? கடைக்காரன் சிமியோனி தினமும் வம்புக்கு இழுத்தான்.

"மாமா, பொண்டாட்டிக்கு இன்னும் பல்லே முளைக்கலையாமே. கடல்நாய்க் கறிய எப்படித் திம்பா?"

"எனக்கு மட்டும் இருக்குதாக்கும்? ஜோடிப் பொருத்தம்டா" என்று பொக்கை வாயைக் காட்டினார் ஜேபிட்டி.

சிரிப்பெல்லாம் வெளியேதான்; மகளை எப்படிப் பார்ப்பது என்ற பயம் உள்ளே. மியாலிக்கு நெஞ்சுவலி வந்த அன்று மேகம் முந்நூறு அடியில் தொங்கியது. இருந்ததை இருந்தபடி சொன்னார். நோயாளியை ஏற்றிப்போக வேண்டிய விமானம் ரெசல்யூட்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் மேகம் விலகியபோது மியாலி இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நிவியாக் ஒரே ஒருமுறை கேட்டாள். அதன்பின் அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது அவளே கைக்குழந்தையோடு ரெசல்யூட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் மூடுபனி. தினமும் போன் செய்து உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்பாள். நானூறு என்பார், முந்நூறு என்பார். போனை வைத்துவிடுவாள். கூட்டிச் சொல்ல அவருக்கும் நாக்கு துடித்தது. மனைவியைப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது?

பத்தாம் நாள் வானம் வெளுத்து, அவர்களை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியது. இரைச்சல் காதில் விழுந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து பனி எழும்பி ஓடுபாதையை விழுங்கிவிட்டது. ஜேபிட்டி வானொலியை எடுத்தார்.

"இருநூறு அடி. மலை தெரியல. திரும்பிடுங்க."

இரைச்சல் தேய்ந்துபோனது. கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதார்.

பதினோராம் நாள் மதியம் மலை முழுசாகத் தெரிந்தது, விமானம் இறங்கியது. நிவியாக் நேராக அவரிடம் வந்து, அங்கியின் முதுகுப் பையிலிருந்த குழந்தையை எடுத்து நீட்டினாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வாய் திறக்காத குழந்தைக்காகப் பெற்றவள் பேசுவது அங்கே வழக்கம். நிவியாக் குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்து, மியாலியின் அதே அதட்டல் குரலில் சொன்னாள்:

"யோவ், நேத்து ஜன்னல் வழியா நானே பார்த்தேன். மலையே தெரியலய்யா. நான் செத்த அன்னிக்கும் அப்படித்தான இருந்திருக்கும்."