ராசியான ஐபி முகவரி

எழுதுகிற அளவுக்குப் படித்தவன் இல்லை நான். ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். கூட்டத்தில் பேசச் சொன்னால், கேபிளைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் போய்விடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் ஒரு சின்ன கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை செய்கிறேன். செமோர் பக்கத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்தின் ஆபீஸில் வீடியோ கான்ஃபரன்சிங் கேட்வே பொருத்தப் போனேன். கோலாலம்பூர் தலைமை ஆபீஸின் கூட்டத்தை இங்குள்ள திரைக்குக் கொண்டுவரும் பெட்டி அது. அதற்கு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். மேனேஜர் நாச்சியப்பன் அந்தச் சிரமத்தை எனக்கு வைக்கவில்லை.

"கடைசி நம்பர் நூத்தி அறுபத்தெட்டு போடு. சீனவங்க கார் பிளேட்டுக்கே அந்த நம்பரத்தான் தேடுறாங்க. ஓங்குற நம்பர்லா."

அந்த முகவரியில் வேறு பெட்டி இருக்கிறதா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் பிங் அடித்தேன். பதில் இல்லை. காலியாக இருக்கிறது என்று போட்டுவிட்டேன்.

கேட்வேக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு விசாரணை. செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கும் லெட்சுமி அக்கா மேனேஜரை எதிர்த்துப் பேசினார் என்று வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று லைன் கிடைக்காவிட்டால், மேனேஜர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துத் தலைமை ஆபீஸில் முடிவெடுப்பார்கள். ஆகவே படம் வந்து வந்து நின்றபோது மேனேஜர் மிகவும் அமைதியாக இருந்தார்.

நான் எங்கள் தொழில் வழக்கப்படி, லைனுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலைத் திட்டினேன். போர்ட்டுகளைத் திறந்தேன், மூடினேன். ஃபயர்வால் கண்டுகொள்ளவில்லை.

"தம்பி, சரியாவுமா? பேச வேண்டியத அடுப்புகிட்ட சொல்லிப் பாத்துட்டு வந்திருக்கேன்" என்றார் அக்கா.

திடீரென்று படம் தெளிவாக வந்தது. கொஞ்ச நேரத்தில் காவலர் மணியம் அண்ணன் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். படம் மறுபடி நின்றது.

"தண்ணி எங்கண்ணே கொதிக்க வச்சீங்க?"

"கார்ட் ரூம்லதான். ஒரே பிளக்லா. கேமரா பெட்டியக் கழட்டிட்டு கெத்தல் போடுவேன். எப்பவும் அப்படித்தான்."

போய்ப் பார்த்தேன். கண்காணிப்புக் கேமரா பொருத்திய ஆளும் ராசி பார்ப்பவர்தான். அவர் பெட்டிக்கும் அதே நூற்று அறுபத்தெட்டு. ஒரே முகவரியில் இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். நான் பிங் அடித்த நேரத்தில் அண்ணன் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார்.

எல்லாப் பெட்டிகளையும் ஓடவிட்டு, காலியாக இருந்த நாற்பத்து நான்கை எடுத்தேன்.

"ரெண்டு நாலா? சீனவங்களுக்கு சாவு நம்பர்யா அது" என்றார் மேனேஜர்.

"போடு தம்பி" என்றார் அக்கா. "நான் பொறந்ததே நாலாம் லயத்து வீட்டுலதான். இன்னும் சாவலையே."

போட்டேன். திரையில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"எதுத்துப் பேசல ஐயா. களைக்கு மருந்து அடிச்ச அன்னைக்கே அந்தச் செம்பனைக் காட்டுக்குள்ள போகமாட்டேன்னேன். நீங்க போவீங்களா?"

மூவரும் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பயந்து பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிங்குக்குப் பதில் வராவிட்டால் முகவரி காலி என்று அர்த்தமில்லை. யாராவது தேநீர் போட்டுக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை அக்காவை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனார்.