புருவம் தூக்கிய கர்னல்

என் மனைவி லிரோக் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த ஒரே நாளில்தான் அவளுடைய தீவு கைவிட்டுப் போகப் பார்த்தது.

அவளுடையது என்றுதான் சொல்ல வேண்டும். எங்களிடம் மண் தாய்வழியில் வரும். நான் கட்டிக்கொண்டவன், தேங்காய் பறித்துப் போடலாம், அவ்வளவுதான். அமெரிக்கர்கள் எங்களை இந்த உஜெலாங் தீவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அவளுடைய லோமெஜ் தீவைச் சுற்றி அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். நாங்கள் இங்கே பேரப்பிள்ளைகளே எடுத்துவிட்டோம்.

கடைசியில் ஒரு கர்னல் வந்தார். விஷமண்ணைப் பட்டாளம் சுரண்டி எடுக்குமாம். எந்தத் தீவைச் சுரண்டுவது, எதை விட்டுவிடுவது என்று எங்களைக் கேட்டுத் திட்டம் போட வந்திருந்தார். எங்கள் வேதக்கோயிலில் பாயை விரித்து வரைபடத்தைப் பரப்பினார். மொழிபெயர்க்க வந்த ஓபெட் கப்பல் பயணத்தில் குடல் புரண்டு வெளியே மணலில் கிடந்தான்.

"இன்னைக்கு ஒருநாளாவது மரியாதையா இரு, தாயே!" என்று லிரோக்கைக் கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தார் எங்கள் தலைவர். அவளும் இருந்தாள்.

கர்னல் எங்கள் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு தீவாக விரல் வைத்து, "சுத்தம் பண்ணணுமா?" என்றார்.

நாங்கள் எல்லோரும் புருவத்தைத் தூக்கினோம். அவர் காத்திருந்தார். நாங்கள் இன்னும் நன்றாகத் தூக்கினோம். அவர் பெருமூச்சு விட்டு, வேண்டாம் என்று சிவப்புப் பென்சிலால் அடித்தார். லோமெஜிலும் சிவப்பு விழுந்ததும் லிரோக்கின் மரியாதை காற்றில் பறந்தது.

"யோவ்! குருடனாய்யா நீ? நெத்தி வலிக்கிற அளவுக்கு ஆமாம்னு சொல்றேன், அடிச்சுக்கிட்டே போறியே!"

ஓபெட் தள்ளாடி உள்ளே வந்தான். வரைபடத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "சார், இங்க புருவத்தைத் தூக்கினா ஆமாம்னு அர்த்தம்!"

கோயிலே குலுங்கியது. கர்னலும் காது சிவக்கச் சிரித்தார். பெண்கள் விட்டார்களா? "மீன் நல்லா இருந்துச்சா?" என்ன கேள்வி என்று தெரியாமலே கர்னலின் புருவம் விளையாட்டாக ஏறியது. "எங்க தலைவர் குண்டா?" ஏறியது. லிரோக் சந்தடி சாக்கில், "லோமெஜை முதல்ல சுரண்டுவியா?" என்றாள். அதற்கும் ஏறிவிட்டது!

ஓபெட் அதை மொழிபெயர்த்ததும் கர்னலின் சிரிப்பு நின்றது. "அது விளையாட்டுக்கும்மா."

"கோயில்ல உக்காந்து சொன்னது. இத்தனை பேர் பாத்தோம்."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பரை எடுத்து லோமெஜின் சிவப்பை அழித்து, பக்கத்தில் 1 என்று எண் போட்டார். பெண்கள் போட்ட கூச்சலில் நாய்கள் கடலுக்குள் ஓடின.

"சுரண்டிடுவோம். ஆனா அங்க காய்க்கிற தேங்காயை எப்போ சாப்பிடலாம்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் கர்னல், ஓபெட் வழியாக.

லிரோக் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்துபோய் அந்த நெட்டை மனிதரைக் கட்டிக்கொண்டாள்.

"தெரியாதுன்னு சொல்ற அமெரிக்கன் ஒருத்தன் வந்துட்டான்டி!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். "இவன் சொன்னா நம்பலாம்!"