எல்லாரையும் அங்கிள் என்று அழைத்த அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் ஒப்படைத்தார். கடைசி வருடங்களில் அப்பா கிள்ளானில் என் வீட்டில்தான் இருந்தார் என்பது காரணம். மகளைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்காருவேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது. நினைவு மலரில் சிரிப்பு வரலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஷா ஆலமில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இடங்களையெல்லாம் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுத்துட்டா அப்பாகிட்ட என்ன மிஞ்சும்?" என்றார். ஆகவே எடுக்கவில்லை. தவறாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். தாத்தா தண்டவாளம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். அப்பாவுக்கு மீசை அரும்பும் வயதில் காலமானார். அப்பா படிப்பை நிறுத்திவிட்டு பங்சாரில் ஒரு லோரிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தம்பி, தங்கை இருவரையும் பள்ளி முடிக்க வைத்த பிறகுதான் தனக்கென்று நல்ல காலணி வாங்கினார் என்று அத்தை சொல்வார். பிறகு கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநரானார். ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை என்று அப்பா சொல்வார். அம்மா உயிரோடிருந்தவரை அதை மறுத்தார்.

அண்ணன் பிறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில், நான் பிறந்தேன். நான் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தபோது அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலை நன்றாக நரைத்திருந்தது. முதல் நாள் என்னை அழைக்க வந்தவரைப் பார்த்து, பள்ளி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "பாப்பா, ஒன் தாத்தா வந்துட்டாரு!"

அப்பா என்னை வண்டியில் ஏற்றினார். வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளைக் கடையோரம் நிறுத்திவிட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தார். மறுநாள் காலையில் தலை, மீசை, இரண்டு காது மடல், தலையணை உறை எல்லாம் கறுப்பாக இருந்தன. அந்த வருடப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பெற்றோருக்கான ஓட்டத்திலும் பெயர் கொடுத்தார். மூன்றாவதாக வந்தார். இரண்டு வாரம் நொண்டினார். நொண்டியபடியே என்னை அழைக்க வந்து, ஜாகாவுக்கு எதிரில் நின்று, "அப்பா வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்பார்.

அன்று தொடங்கியது அப்பாவின் கூப்பிடும் கணக்கு. தன்னை 'அண்ணே' என்று கூப்பிட்டால் நல்ல மனிதர். 'பாஸ்' என்று கூப்பிட்டால் மிக நல்ல மனிதர். ஏனென்றால் பாஸுக்கு வயது கிடையாது. "அங்கிள், தலைய கொஞ்சம் குனிங்க" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, பல வருடம் முடி வெட்டிக்கொண்ட கடையை மாற்றினார். அடையாளக் கார்டைக் காட்ட வேண்டிய இடங்களில், பிறந்த வருடத்தைச் சொல்லும் முதல் இரண்டு எண்ணின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டுதான் நீட்டுவார். ரத்த அழுத்த மாத்திரைகள் வைட்டமின் போத்தலில் இருந்தன. என் மகள் பிறந்த பிறகு ஒரே ஒரு சலுகை கொடுத்தார். அவள் மட்டும் தாத்தா என்று கூப்பிடலாம். "அது வயசு இல்லம்மா, பதவி" என்றார்.

அம்மா போன பிறகு வீட்டில் சும்மா உட்கார அப்பாவால் முடியவில்லை. எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் முதியோருக்கான பகல்நேர மையம் ஒன்று உண்டு. வார்கா எமாஸ், அதாவது தங்கக் குடிமக்கள், என்று மலாய் மொழியில் பலகை இருக்கும். அங்கே சேர்ந்துகொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

"தங்கம்னா அடகுக் கடையில வாங்குவான். இவங்கள யாரும்மா வாங்குவா? அங்க போனா பூரா கெழடுங்க."

ஆனால் மறு வாரமே போனார். தொண்டராக. வயதானவர்களுக்கு உதவி செய்ய ஆள் தேவை என்று வாசலில் எழுதியிருந்ததாம். உறுப்பினர்களுக்கு மஞ்சள் டீசட்டை, தொண்டர்களுக்கு நீல டீசட்டை. அப்பா நீலத்தோடு வந்து கண்ணாடி முன் நின்றார். வயதைக் கேட்டார்களா என்றேன். "அறுவது சொச்சம்னு சொன்னேன். சொச்சம் எவ்வளவுன்னு அவங்க கேக்கல." அப்போது அப்பாவுக்கு எழுபத்து மூன்று.

இரண்டு வருடம் அந்த மையம் அப்பாவை நிமிர்த்தி வைத்திருந்தது. வேனிலிருந்து இறங்குகிறவர்களைக் கைப்பிடித்து இறக்குவார். தேநீர் கலக்குவார். கையைத் தூக்கு, காலை நீட்டு என்று உடற்பயிற்சியும் சொல்லித் தருவார். தன்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்களையெல்லாம் "மெதுவா அங்கிள்", "பாத்து ஆன்டி" என்றே அழைப்பார். மையத்தை நடத்தும் தேவிகா, என் வயதுதான் இருக்கும், அப்பாவை 'பாஸ்' என்பார். எனக்கோ தினமும் பயம். யாரையாவது தாங்கப்போய் அப்பா விழுந்துவிட்டால்? காலையில் போனதும் "போய்ச் சேந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டுக் குரல்பதிவு அனுப்புவேன். "இன்னும் போய்ச் சேரல. சென்டருக்குத்தான் வந்திருக்கேன்" என்று பதில் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழை என்பதால் நானே மகளையும் தூக்கிக்கொண்டு அப்பாவைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அன்று வேனில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கைத்தடி, கனத்த கண்ணாடி, புது மஞ்சள் சட்டை. அப்பா கையை நீட்டினார்.

"மெதுவா அங்கிள். வலது கால மொதல்ல வைங்க அங்கிள்."

அவர் காலை வைக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"யாருடா ஒனக்கு அங்கிள்?"

"என்ன அங்கிள்?"

"டேய்! நான் மணியம்டா! பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் மணியம்! ஆறாம் வகுப்புல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு மேல முட்டி போட்டோமே! தலையில என்னடா பூசியிருக்க, ஷூ பாலிஷா?"

அப்பா சற்றும் அசராமல், "நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க அங்கிள்" என்றார்.

"வேற யாரா? எனக்கு எழுபத்தஞ்சு வயசாச்சு, ஆனா ஒன் மூஞ்சி மறக்குமா? ஒங்க அப்பா பேரச் சொல்லட்டுமா? வாத்தியார் நாற்காலியில நீ பசை தடவுனத சொல்லட்டுமா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. பின் இருக்கையில் இருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருங்க தம்பி. அவருக்கு எழுபத்தஞ்சுன்னா ஒங்களுக்கும் எழுபத்தஞ்சா? எனக்கு அறுபத்தெட்டுதான்யா! ரெண்டு வருசமா என்னைய ஆன்டி ஆன்டின்னு கூப்புட்டு, கையப் புடிச்சி வேற எறக்கி விட்டீங்களே!"

நானும் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரிக்கத்தான் முயன்றார். தேவிகா ஓடிவந்து, மிகுந்த அன்போடு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "ஐயோ பாஸ், சொல்லியிருக்கலாம்ல? இனிமே நீங்க ஒக்காருங்க. நாங்க பாத்துக்குறோம்." யாரோ தேநீரைக் கையில் கொடுத்து, சூடு, பார்த்துக் குடியுங்கள் என்றார்கள். சாயங்காலம் அப்பா ஒரு நெகிழிப் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே மஞ்சள் சட்டை.

அதன் பிறகு அப்பா மையத்துக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் இரண்டே படி. அதில் ஏற என் கையைக் கேட்டார். சாப்பாட்டைக் குறைத்தார். "எனக்கு எதுக்கும்மா இவ்ளோ சோறு? வயசாயிடுச்சுல்ல." சாயம் பூசுவதை நிறுத்தியதால் கறுப்புக்குக் கீழே வெள்ளை ஒரு கோடு போல் கிளம்பியது. பதறிப்போய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ரத்தம், இதயம், சர்க்கரை எல்லாம் போன தடவை இருந்த மாதிரியே இருக்கின்றன என்றார். அப்படியென்றால் எது மாறியது என்று கேட்க நினைத்தேன். அசட்டுத்தனமாக இருக்குமோ என்று கேட்கவில்லை.

நாற்காலி மேல் ஏறி விளக்கு மாட்டாதீர்கள், பிள்ளையைத் தோளில் தூக்காதீர்கள், கொஞ்சம் உட்காருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது அப்பா ஏறவில்லை, தூக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் மகள் அவர் முழங்காலைப் பிடித்து இழுத்து "தாத்தா எந்திரி, எந்திரி" என்பாள். "தாத்தாவுக்கு முடியாதுடா கண்ணு" என்பார். இப்படியே விட்டால் அப்பா நாற்காலியிலிருந்து எழவே மாட்டார் என்று தோன்றியது. மையத்துக்கு அழைத்துச் சொல்லலாமா, அப்பாவுக்கு அது அவமானமாகுமா என்று யோசித்தே நாட்கள் போயின.

நான் யோசித்து முடிப்பதற்குள் மணியம் அங்கிள் வாடகைக் காரில் வந்து இறங்கிவிட்டார். படியேற நான் கை கொடுத்தேன். தட்டிவிட்டார்.

"நீ தள்ளும்மா. அவனக் கூப்புடு."

அப்பா கதவருகே வந்து நின்றார்.

"ஏன்டா வரல?"

"வயசாயிடுச்சுடா."

"எப்போ? அன்னிக்கி செவ்வாக்கெழமையா? காலையில என்னைய எறக்கி விட வந்தப்ப நல்லாத்தானே இருந்த! நான் ஒன் வயச சொன்னதும் வயசாயிடுச்சா?"

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஒரு காலேஜ் பையன் வந்து எறக்குறான்டா. நல்ல பையன்தான். ஆனா மாட்டப் புடிக்கிற மாதிரி புடிக்கிறான். எந்தப் படியில முட்டி வலிக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீதான் வலிக்கிறதுக்கு முன்னாடியே எந்தக் கால வைக்கணும்னு சொன்ன. ஒனக்கும் அதே முட்டி."

"என் முட்டிக்கு ஒன்னும் இல்ல."

"பொய் சொல்லாத லா!"

"மஞ்ச சட்ட குடுத்துட்டாங்கடா" என்றார் அப்பா. அவ்வளவு சின்னக் குரலில் அப்பா பேசி நான் கேட்டதில்லை.

"மஞ்ச போட்டா கை வேல செய்யாதா? நான் ஒன்னவிட மூணு மாசம் பெரியவன். அதனால என்னைய அங்கிள்னே கூப்புடு, பரவால்ல. வந்து என்னைய இந்தப் படி ஏத்து. ரொம்ப நேரமா நிக்கிறேன், எனக்கு மூச்சு வாங்குது."

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த இரண்டு படியையும், என் கையில்லாமல். "மெதுவா அங்கிள்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல், அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மையத்துக்குப் போனார். தேவிகா சட்டையைப் பார்த்துவிட்டு, வேன் வந்துவிட்டது பாஸ் என்றார். தலையை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்ட அப்பா, மீசைக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார். மணியம் அங்கிள் எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தார்: "தல மெம்பரு. மீச வாலண்டியரு."

அதன்பின் இரண்டு வருடம் அப்படியே நடந்தது. அறுபத்தெட்டு வயது அம்மாவை அப்பா 'ஆன்டி' என்பார், அவர் "என்ன தம்பி?" என்பார். யாரும் திருத்தவில்லை.

போன ஆண்டு அப்பாவின் இதயம் தளர்ந்தது. மருத்துவமனையில் தாதி வயதைக் கேட்டபோது, "நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்றார். அந்தப் பெண் நல்ல மனதோடு அறுபத்தைந்து என்றார். அன்று பார்க்க வந்த அத்தனை பேரிடமும் அப்பா அதைச் சொன்னார். எனக்கு இரண்டு முறை சொன்னார். வலியில்லாமல், அண்ணனும் நானும் பக்கத்தில் இருக்கும்போது, எழுபத்தேழாம் வயதில் அப்பா எங்களை விட்டுப் போனார்.

இறுதிச் சடங்கன்று வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது வயதைத்தான். எழுபத்தேழு என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "அப்ப நல்ல வயசுதான்." "அழாதம்மா, வாழ்ந்து முடிச்சவரு." அவர்கள் ஆறுதலுக்காகவே சொன்னார்கள், நானும் எத்தனையோ வீடுகளில் அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்கக் கேட்க, எனக்கு அழும் உரிமையே இல்லையோ என்று தோன்றிவிட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மையத்து வேன் வந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மணியம் அங்கிள் அப்பாவின் தலைமாட்டில் வந்து நின்றார். பக்கத்திலிருந்த ஒருவர் மரியாதையாக, "நல்ல வயசுதான் ஐயா, எழுபத்தேழு" என்றார்.

மணியம் அங்கிள் திரும்பினார். "என்னய்யா நல்ல வயசு?" வாசலில் போட்டிருந்த கூடாரம் முழுக்கக் கேட்டது. "சின்னப் பையன்யா அவன்!" என்று சொல்லிவிட்டு, கைத்தடியைக் கீழே விட்டு, தேம்பித் தேம்பி அழுதார்.

அப்பாவைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அன்று கூடாரம் போட்டு, சமைத்து, என் மகளுக்குச் சோறூட்டிய அண்டை வீட்டாருக்கும், தேவிகாவுக்கும், மையத்தின் அங்கிள் ஆன்டிமார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. யார் பெயரையாவது விட்டிருந்தால் என்னைத் திட்டுங்கள், அண்ணனை வேண்டாம்.

மணியம் அங்கிளுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் அப்படிச் சொன்ன பிறகுதான், பிள்ளையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, நான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதேன்.