நனையாத மீட்டர்

சுரங்கத்தில் அவருக்குப் பெயர் ‘டேப்பு’. காலை ஏழு மணிக்கு இரும்பு டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கழிவுநீர்க் குட்டையின் கரையில் நடப்பார். பதினேழு வருடமாக அதே நடை.

“குளிக்கும்போதாவது அதைக் கழட்டுவியா?” என்று லாரிக்காரர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

“எதுக்குக் கழட்டணும்? பக்கெட்டுல தண்ணி எவ்வளவுன்னு வேற யாரு அளப்பா?”

குட்டைக்கு அடியில் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் விரிப்பு கிழிந்தால் கழிவுநீர் இடையில் இறங்கி ஒரு குழாயின் அடியில் தேங்கும். குழாய்க்குள் டேப்பை விட்டு, எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. முப்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கே சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, குட்டைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தியாக வேண்டும். சுரங்கத்தின் அனுமதியில் அது நிபந்தனை. மழைத்தண்ணீருக்கு மட்டும் விலக்கு. குழாய் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் ‘மழை’ என்று குறிப்பு எழுதினால் போதும்.

பொய்யாக ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். குட்டைக்குக் கீழே சரிவில்தான் அவருடைய அக்கா வீடு. அக்காவுக்குக் குடிக்க, சமைக்க எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான்.

அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. நான்கு நாள் மழை அடித்து ஓய்ந்தது. வெயில் வந்த மூன்றாம் நாள் இரும்பு டேப் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் காட்டியது. மழைத்தண்ணீர் என்றால் மட்டம் இதற்குள் குறையத் தொடங்கியிருக்கும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சட்டைப் பையில் இருந்தது. மழைத்தண்ணீரில் அது ஐம்பதைத் தாண்டாது. குட்டைத் தண்ணீரில் நாலாயிரத்துக்கு எகிறும். குழாயிலிருந்து ஒரு குவளை எடுத்து மீட்டரை நனைத்தால் அரை நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகிவிடும். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டால் எழுதியாக வேண்டும். அவர் அப்படிப்பட்ட ஆள்.

பின்னால் வந்து நின்ற இளம் இன்ஜினியர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். “அண்ணே, அடுத்த வாரம் புதன்கிழமை பர்மிட் ஆபீசரம்மா வராங்க. நாப்பத்தி நாலு மழைதானே?”

“மீட்டர் போட்டுப் பாக்கலை.”

“நான் பாக்கச் சொன்னேனா? மழை பெஞ்சது ஊருக்கே தெரியும்.”

மீட்டரை அவர் நனைக்கவில்லை. ‘மழை’ என்று எழுதினார். அப்படியே பதினொரு நாள் எழுதினார். பன்னிரண்டாம் நாள் மட்டம் தானாகவே முப்பதுக்குக் கீழே இறங்கியது. ஆபீசரம்மா அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடத்துக்கு அனுமதி கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, வழக்கமான பரிசோதனையில் அக்காவின் கிணறு தோற்றது. குட்டையை வற்றவைத்துப் பார்த்தபோது மேல் விரிப்பை ஒட்டிய இணைப்பில் விரல் நீளக் கிழிசல். இடையில் தேங்கிய தண்ணீரின் கனம் கீழ் விரிப்பையும் பிரித்திருந்தது. ஒட்டுகிறவர்கள் வந்து அரை நாளில் அடைத்துவிட்டுப் போனார்கள். கிணற்றை அடைக்க அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது. பலகை, பூட்டு, சிவப்புப் பெயின்ட்.

அன்று சாயங்காலம் அக்கா லாரித் தண்ணீரைக் குடம் குடமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டார்.

“அக்கா, எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. மீட்டர் பையிலதான் இருந்துச்சு. நனைக்கலை.”

அக்கா அடுத்த குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள். அது நிரம்பியதும் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“சின்ன வயசுல ரிசல்ட் வர்ற அன்னிக்கு நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே போக மாட்டே. நான்தான் போய்ப் பாத்துட்டு வரணும். பாக்காத வரைக்கும் பாஸுன்னு உனக்கு ஒரு நெனப்பு.” குடத்தை இறக்கி வைத்தாள். “இதையும் என் தலையில கட்டிட்டியேடா.”

திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது. இன்ஜினியர் மேல் பழியைப் போடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. பை தன்னுடையது என்ற நினைப்பு அதைத் தடுத்தது.

மறுநாள் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போய், பதினொரு நாளைப் பற்றியும் எழுதிக் கொடுத்தார். குட்டை வேலை போயிற்று. சுரங்கத்தில் அவரைக் கிணறுகளைச் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் அக்கா வீட்டுப் பூட்டைத் திறக்கிறார். வாளியில் தண்ணீர் மேலே வந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன் மீட்டரை நனைக்கிறார். ஐநூறுக்குக் கீழே வந்தால்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்.

“எவ்வளவு?” என்று அக்கா உள்ளேயிருந்து கேட்பாள்.

“ஆயிரத்து எழுநூத்தி இருபது.”

“போன வாரம்?”

“ஆயிரத்து எழுநூத்தி முப்பது.”

பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நிற்கும். பிறகு தொடரும். அவர் எண்ணை எழுதி, பலகையை மூடிப் பூட்டுவார்.