ரிவர்ஸ் போடக் கூடாத கார்

போன வாரம் தங்கை மகள் சுகந்தி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய தன் காரில் என்னை எங்கள் சொந்த ஊரான ஆரணிக்கு அழைத்துப் போனாள். கியர் மாற்றும் வேலையே இல்லாத கார். வழியில், கியர் தண்டின் ஓரத்தில் இருந்த சின்னப் பித்தானைக் காட்டி, “மாமா, இதுல ஓவர் டிரைவ்னு போட்டிருக்கே, இது எதுக்கு?” என்று விரலை அதன்மேல் வைத்தாள். “தொடாதே!” என்று கத்திவிட்டேன். பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினாள். ஒரு பித்தானைப் பார்த்து இப்படி அலறுகிற கிழவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அலறுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது என் அப்பாவிடம் விட்டுப்போனது. அப்பா காலமாகி அது என் கைக்கு வந்த பிறகும் ஊர்க்காரர்களுக்கு அது பாதிரியார் கார்தான். உள்ளே உட்கார்ந்தால் தோல் சீட்டும் கியர் ஆயிலும் கலந்த ஒரு வாசனை வரும். என் சட்டையிலும் அது ஏறிக்கொள்ளும். பையன்கள் எனக்கு ‘ஆயில் சார்’ என்று பெயர் வைத்திருந்தது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காரில்தான் ஓவர் டிரைவ் இருந்தது. டாப் கியரில் போகும்போது ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால், கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குட்டிப் பெட்டி வேலைக்கு வரும். வண்டியின் வேகம் குறையாது, எஞ்சின் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் மெல்ல ஓடும். பெட்ரோல் மிச்சம். எனக்கு மிச்சத்தைவிடப் பெருமைதான் அதிகம். யார் ஏறினாலும் அந்தச் சுவிட்சைத் தட்டிக் காட்டாமல் விடமாட்டேன்.

ஒருநாள் சுவிட்சைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. வண்டி காதர் பாய் ஷெட்டுக்குப் போனது. பாய் ஊரில் பெரிய மெக்கானிக், ஆனால் அவரும் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியை இறக்கி, அக்கக்காகப் பிரித்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். எதனால் துடைத்தோம் என்பதுதான் விஷயம். வேறு ஊராக இருந்தால் பழைய வேட்டியால் துடைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் தறியில் விழுகிற பட்டு நூல் கழிவுதான். அது எண்ணெயை உறிஞ்சுமோ உறிஞ்சாதோ, இரும்பைப் பளபளவென்று ஆக்கிவிடும். எங்கள் எதிர்வீட்டு நெசவாளர் முனுசாமியின் மனைவி காமாட்சியக்காதான் ஒரு கூடை நிறையக் கொடுத்திருந்தார். அரக்குச் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது.

பூட்டி முடித்துப் போளூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் அடங்கி ஓடியது. பாய் கை தட்டினார். திரும்பி வரும்போது சுவிட்சை அணைத்தேன். ஓவர் டிரைவ் விடவில்லை. பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டது. பாயின் முகம் செத்துவிட்டது.

“பேஜாராப் பூட்ச்சு சார். நாளைக்கு வண்டிய எட்தாங்க, திருப்பி அவுத்துப் பாக்கலாம். ஆனா ரிவர்ஸ் மட்டும் போட்றாதீங்க. இது பிடிச்சுகினு இருக்கறப்ப பின்னால எடுத்தா உள்ள அல்லாம் தூளாப் பூடும். அப்பறம் முன்னாலயும் போவாது.”

எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறினால் ரிவர்ஸே வேண்டாம். வழக்கம்போல் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

விடிந்ததும் அம்மா அலறினாள். தங்கை ஸ்டெல்லாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. புருஷன் பட்டாளத்தில் இருந்தான். அவள் படுத்திருந்த பாயெல்லாம் ரத்தம். பார்க்க வந்த நர்சம்மா, “இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க, ஜல்தியா வேலூருக்குக் கொண்டு போங்க” என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். ஸ்டெல்லாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து வண்டியைக் கிளப்பினேன். நான்கு வீடு தாண்டியதும் பிரேக்கை மிதித்தேன்.

தெருவில் பாவு.

புடவையின் நீளவாட்டு நூல்தான் பாவு. தறியில் ஏற்றுமுன் காலையில் தெருவின் நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிசெய்வார்கள். அந்த நேரத்தில் மாட்டு வண்டிகூட அந்தப் பக்கம் வராது. அன்று முனுசாமி வீட்டுப் பாவு. அரக்குச் சிவப்பு, இடுப்பு உயரத்தில், கோவில் முனைவரைக்கும். யாருக்கு என்று தெருவுக்கே தெரியும். அவர் மகளின் முகூர்த்தப் புடவைக்கு. விற்கிற புடவை ஆயிரம் நெய்தாலும், மகளுக்கு நெய்வதை அப்பாவும் அம்மாவும் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டார்கள்.

“பின்னால எடுத்துப் போங்க சார்!” என்றார் முனுசாமி.

“எடுக்க முடியாதுங்க! எடுத்தா வண்டியே போயிடும்!”

ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. நாலு பேர் முன்னால் வந்து பின்புறமாகத் தள்ளிப் பார்த்தார்கள். பெட்டி உள்ளே பிடித்திருந்ததில் சக்கரம் அசையவில்லை. வண்டியைத் திருப்பத் தெருவில் அகலமும் இல்லை. பாவை அவிழ்த்துச் சுருட்ட அரைமணி நேரம் ஆகும். தூக்கிப் பிடித்தால் காரின் கூரைக்கு எட்டாது. வேறு வண்டிக்கு பஜாருக்கு ஓட வேண்டும். பின்சீட்டில் ஸ்டெல்லா முனகுவது நின்றுபோயிருந்தது. எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

காமாட்சியக்கா வந்து ஜன்னல் வழியாக ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். இடுப்பில் சொருகியிருந்த கத்தரியை உருவிக்கொண்டு நேராகப் பாவிடம் போனார்.

“இன்னாடி பண்ற?” என்று முனுசாமி கேட்டு முடிப்பதற்குள் கத்தரி பாதிப் பாவைத் தாண்டிவிட்டது. மீதி இழைகள் இழுவையில் தாமாகவே படபடவென்று அறுந்து, இரண்டு பக்கமும் சுருண்டு மண்ணில் விழுந்தன. கல்யாணப் பாவு அறுவதைப் போன்ற அபசகுனம் அந்தத் தெருவில் கிடையாது. அறுந்தால் அழுவார்கள். அறுத்தவரை யாரும் பார்த்ததில்லை.

“இன்னும் இன்னாத்துக்கு தம்பி பாத்துகினு கீற? போ!” என்றார்.

போனேன். விழுந்து கிடந்த இழைகளை நாலு பேர் ஓரமாக வாரிக்கொண்டே முன்னால் ஓடினார்கள். ஓவர் டிரைவ் பிடித்திருந்ததால் வண்டி எடுப்பதற்குத் திணறியது. ரோடு பிடித்த பிறகு சத்தமில்லாமல் ஓடியது. வேலூரில் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே வாரம் காதர் பாய் மறுபடி பெட்டியைப் பிரித்தார். பிடித்த பிடியை விடும்போது எண்ணெய் திரும்பி வடிய, உள்ளே குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் என்னவோ அடைத்திருந்தது. பாய் ஊசியால் நிமிண்டி வெளியே இழுத்தார். ஒரு பட்டு இழை. மண்ணெண்ணெயில் அலசினால் அரக்குச் சிவப்பு. அந்தக் கழிவும் அந்தப் பாவும் ஒரே சாயம்.

கொண்டுபோய்க் காமாட்சியக்காவிடம் காட்டினேன். அவர் தெருவில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைத்துக்கொண்டிருந்தார். “அடப்பாவி, என் வூட்டு நூலா உன் வண்டிய கட்டிப்போட்டுச்சு?” என்று சிரித்தவர், அடுத்த நிமிஷமே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் புடவையில்தான் அவர் மகளுக்குத் தாலி ஏறியது. குறுக்கே மெல்லிய தழும்பாக ஒரு கோடு இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் உற்றுப் பார்த்தேன்.

இப்போது கார் இல்லை, எண்பதுகளிலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது. காதர் பாயும் இல்லை, காமாட்சியக்காவும் இல்லை. போன வாரம் சுகந்தி காரை அந்தத் தெருவுக்குள் விட்டாள். நடுத்தெருவில் யாரோ பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தாள். ஜன்னலில் ஒரு திரை விலகிப் பழையபடி மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஒருவரும் வெளியே வரவில்லை.

“விடுங்க மாமா, பின்னால எடுத்துக்கலாம்” என்றாள் சுகந்தி. அன்று பின்சீட்டில் தன் அம்மா வயிற்றுக்குள் இருந்தவள், சாவகாசமாக ரிவர்ஸ் போட்டாள். எனக்குத்தான் நெஞ்சு பக்கென்றது.